நாலாவது ஆள்

ஹோகோதெபெக்,
ஜனவரி 22.

அன்பு மகன் தாரஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை, சுகமில்லை என்று எழுதினால் அவர் என்னைச் சும்மா விடப் போவதில்லை, அதனால் அவர் இப்போது எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்வீட்டுச் சேவலைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் எழுதுகிறேன், மீதியை நீயே புரிந்துகொள். நீயும் கொரினும் எப்படி இருக்கிறீர்கள், ஐவிக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்ததா, விழுந்திருந்தால் பல்லைத் தூக்கி எறியாதே, இங்கே எலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்று போன வருஷம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், நான் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது. கொரினின் இருமல் நின்றதா? அந்தப் பனியில் தலையில் ஒன்றும் போடாமல் வண்டி துடைக்கப் போனால் இருமல் வராமல் என்ன வரும், சொல்லி வை, ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நமக்குச் சண்டை போட மட்டும்தான் வருகிறது. நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே விழுகிறாய், நீ கேட்க ஆரம்பித்தால் அப்பா என் கையிலிருந்து பிடுங்கி, "ஒண்ணுமில்லடா, உங்கம்மா எலிய யானையாக்குவா" என்று சொல்லிவிட்டு ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். பின் தெரு மார்லீன் தன் மகளுக்குப் பிரசவம் பார்க்க நாளை உங்கள் ரெஜைனா நகரத்துக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உன் வீட்டுக்கே வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள், வந்தால் வாசலோடு அனுப்பிவிடாமல் ஒரு காபி கொடு. போன ஞாயிற்றுக்கிழமை நீ கத்தினாயே, நினைவிருக்கிறதா? "அப்பா ரிட்டயரானதுலேருந்து பன்னெண்டு வருஷமா அங்க இருக்கீங்க, சரி, வெயில் இருக்கு, விலைவாசி கம்மி, எல்லாம் சரி. நாளைக்கு ஒண்ணுன்னா அங்க உங்களுக்குன்னு யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாய். நான் பேசாமல் இருந்தேன். பதில் இல்லாததால் பேசாமல் இருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டாய், அடுத்த நாளே பிப்ரவரி முதல் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய், வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு மூன்று. அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன், பொறுமையாகக் கேள், இந்த ஒரு தடவையாவது நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில், அப்பா உன்னிடம் சும்மா உடம்பைக் காட்டத்தான் டாக்டரிடம் போனேன் என்று சொன்னார் அல்லவா, அது பச்சைப் பொய். உன் அப்பா தானாக டாக்டரிடம் போகிற ஆளா? நடந்தது என்ன தெரியுமா, அவர் குழந்தை யேசுவை விழுங்கிவிட்டார். சிரிக்காதே. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள், வழக்கம்போல எதிர்வீட்டுச் சாயோ வளைய ரொட்டி வாங்கி வைத்து எங்களைக் கூப்பிட்டாள். சாயோவை உனக்குத் தெரியும், போன தடவை நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தபோது கொய்யா இலைக் கஷாயம் வைத்து உன் மூக்கைப் பிடித்து ஊற்றினாளே, அவள்தான். அவள் பேத்திக்கு நாங்கள் ஞானப் பெற்றோர் ஆனதிலிருந்து அவளுக்கு நான் 'கொமாத்ரே', அப்பா 'கொம்பாத்ரே', பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. அந்த ரொட்டிக்குள் விரல் நுனி அளவில் ஒரு குழந்தை யேசு பொம்மை இருக்கும், யார் வெட்டும் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளன்று மேசையிலிருந்த அத்தனை பேருக்கும் சோள மடலில் கட்டும் தமால் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். அதனால் கத்தியை எடுத்தால் ஒவ்வொருத்தரும் எங்கே வெட்டுவது என்று ரொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். போன வருஷம் கறிக்கடை ஃபெர்மின் பொம்மையைச் செருப்புக்குள் ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டான். இந்த வருஷம் ரொட்டி முழுக்கத் தீர்ந்துபோயும் பொம்மையைக் காணோம். எல்லாரும் ஃபெர்மினின் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், உன் அப்பா மட்டும் ஒன்றும் அறியாத குழந்தை போல, வாயைத் திறக்காமல், கன்னத்தை லேசாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அந்த முகம் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் சாயோவின் புருஷன் எலிசேயோ ஏதோ ஒரு கெட்ட ஜோக்கை எடுத்துவிட்டான், இவர் சிரித்தார், மடக்கென்று உள்ளே போய்விட்டது.

அவர் கண் இரண்டும் முட்டையாக நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். "ஐயையோ, கொம்பாத்ரே குழந்தை யேசுவ முழுங்கிட்டாரே" என்று சாயோ தலையில் கை வைத்தாள். "இருக்கட்டும் விடுங்க, இத்தன வருஷமா அவருக்குள்ள எந்தச் சாமியும் போனதில்ல, இன்னிக்காவது போச்சே" என்றான் ஃபெர்மின். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அன்றைக்கு உன் பாட்டன் வீட்டுப் பழைய நாட்காட்டிக் கணக்குக்குக் கிறிஸ்துமஸ் முன்னிரவு, அந்த வழக்கப்படி கோதுமையும் கசகசாவும் போட்டுக் கிண்டி வைத்திருந்தேன், அதையும் வாயில் திணித்தோம், பப்பாளி திணித்தோம், சாயோ ஆலிவ் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றினாள். மறுநாள் காலை அவளே இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள், கடையை ஒட்டின அறையில் ஒரு டாக்டர் பொண்ணு உட்காருகிறாளே, அங்கே. அந்தப் பொண்ணும் கதையைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தாளாம், சிரித்துக்கொண்டே இவரைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினாளாம், அமுக்கினதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். தொப்புளுக்கு மேலே கையை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இது பொம்மை இல்ல தாத்தா, பொம்மை இப்படித் துடிக்காது" என்று சொல்லி அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினாள். பொம்மை மறுநாள் தன் வழியே சுகமாக வெளியே வந்து சேர்ந்தது, எப்படி என்று கேட்காதே, சாயோ அதைத் தனிச் சட்டியில் கொதிக்க வைத்துக் கழுவி, சட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

ஸ்கேனில் தெரிந்ததைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் நைந்துபோய், பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்து நிற்கிறது. குவாதலஹாராவில் பெரிய ஆஸ்பத்திரி அறுவை டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார், என்னில் பாதி வயதுதான் இருக்கும், ஆனால் அவசரப்படாமல் பேசினார். விட்டு வைத்தால் ஒரு நாள் வெடிக்கும், வெடித்தால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வர நேரம் இருக்காது என்றார். வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்குழாய் வைத்துத் தைக்க வேண்டுமாம், பெரிய ஆபரேஷன், பெரும்பாலும் நன்றாகவே முடியும், ஆனால் எழுபத்து நாலு வயது, உறுதி சொல்ல முடியாது என்றார். நீ சொன்னதையும் கேட்டேன், ஊருக்குக் கூட்டிப் போய் அங்கே செய்யலாமா என்று நானே கேட்டேன், கேட்கவில்லை என்று நினைக்காதே. இந்த நிலைமையில் விமானத்தில் ஏற்றினால் நான் பொறுப்பில்லை அம்மா என்று கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். காரில் கூட்டிவருகிறேன் என்றாயே, அந்தத் தூரத்துக்கு ஆரோக்கியமானவனே வெடித்துவிடுவான். பிப்ரவரி நாலாம் தேதி ஆபரேஷன், மூன்றாம் தேதி சேர்க்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது தாரஸ். கேஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனால்கூடத் திடுக்கிடுகிறது. அவர் குனிந்தால் செருப்பைப் பிடுங்கி நானே மாட்டிவிடுகிறேன். இருமினால் சமையலறையிலிருந்து ஓடி வருகிறேன், அவர் "இன்னும் வெடிக்கலடி, போய் அடுப்பப் பாரு" என்கிறார். அவரிடம் சிரித்துவிட்டுப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே சாயோவுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதுதான் உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் படுக்கப் போகிறவனின் ஆட்கள் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும், எந்த வகை ரத்தமானாலும் சரி, வங்கியில் போட்டுவிட்டால் அவனுக்கு வேண்டியதை அவர்கள் எடுத்து வைப்பார்கள். ஆள் வராவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதியே நிற்காது. உங்களுக்கு நாலு பேர் வேண்டும் என்று அங்கே சொன்னபோது நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். எனக்கு வயது கடந்துவிட்டது, மார்லீனுக்கும் கடந்துவிட்டது, இங்கே குளிர்காலத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற நம் ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் கடந்துவிட்டது, சீட்டு விளையாட முப்பது பேர் வருவோம், எல்லோர் உடம்பிலும் இருப்பது மாத்திரைதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ கேட்டது சரிதானோ என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சாயோவிடம் சொன்னேன், சொல்லி முடிக்கவில்லை, "நாலு பேர்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக எங்கள் கதவு முன்னால் எலிசேயோ, ஃபெர்மின், சாயோவின் மகள் மரிக்ருஸ், சாயோவின் அக்கா மகன் நாச்சோ நாலு பேரும் தலை வாரிக்கொண்டு நிற்கிறார்கள். எலிசேயோ ராஸ்பெரித் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தான், ஃபெர்மின் கறிக்கடையை மூடிவிட்டு வந்திருந்தான், அவன் கடையை மூடி நான் பார்த்தது பெரிய வெள்ளிக்கு மட்டும்தான்.

ஆனால் பார், புறப்படுவதற்கு முன்னால் சாயோ நாலு பேரையும் சமையலறையில் உட்கார வைத்து, பன்றிக் கொழுப்பில் பொரித்த கறி, கொழுப்பில் வதக்கிய அவரைக்கொட்டை, முட்டையும் சோரிசோத் தொத்திறைச்சியும், மேலே ஒரு குவளை சாக்லேட் என்று ஊட்டி அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. வெறும் வயிற்றோடு வர வேண்டும், முந்தின நாளிலிருந்தே கொழுப்பு ஆகாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ரத்த வங்கியில் நர்ஸ் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சுழற்றிப் பார்த்தாள், மேலே தெளிவாக நிற்க வேண்டியது பால் மாதிரி வெளுத்து நிற்கிறது. "இது என்னங்க, ரத்தமா, கறிக் குழம்பா?" என்று கேட்டு நாலு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சாயோவைக் கேட்டால் அவளுக்குத்தான் கோபம் வருகிறது. "ரத்தம் குடுக்கப் போற புள்ளைங்கள பட்டினி போட்டு அனுப்பச் சொல்றீங்களா கொமாத்ரே? நான் என்ன மாற்றாந்தாயா? கொழுப்பு ஆகாதுன்னு சொன்னீங்க, கறி ஆகாதுன்னா சொன்னீங்க?" என்கிறாள். இவள் வீட்டு வாசலில் தபால்காரன் நின்றால்கூட ஒரு தட்டு வரும், ஒருத்தன் பசியோடு படி இறங்கினால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது, அவளிடம் போய் வெறும் வயிறு என்றால் எப்படி விளங்கும்? நாலு பேரும் திரும்பி வருகிற வழியில், இனிமேல் என்ன என்று, பஸ் நிலையத்தில் நின்று மறுபடியும் கறி மடித்த தாக்கோ சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். முந்தின நாள் சாயோவின் சமையலறைக் கதவில் எலிசேயோ பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான், அவள் வாசல் கல்லில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாச்சோவுக்கு அன்றைக்கு பஸ் ஓட்டுகிற முறை, வர முடியவில்லை, மூன்று பேர்தான் போனார்கள், நான் கூடப் போனேன். மேசையில் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஒரு அம்மாள், சிரிக்கிற வழக்கமே இல்லாதவள், ஒவ்வொருத்தரையும் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். எலிசேயோ "தம்பி" என்றான். அந்த அம்மாள் உன் அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பார்க்கிறாள், ஆறடி உயரம், நீலக் கண். இவனைப் பார்க்கிறாள், என் தோளுக்கு வருவான், கரிக்கட்டை நிறம். "ஒரே வயித்துத் தம்பியா?" என்று கேட்டாள். "ஆமாங்க, அவரு பனியில காஞ்சாரு, நான் வெயில்ல காஞ்சேன், அதான் கொஞ்சம் நிறம் மாறிப்போச்சு" என்றான். அடுத்தது ஃபெர்மின், "மச்சான்" என்றான், என்னைக் காட்டி, "இந்தம்மா எனக்கு அக்கா. வாரா வாரம் என் கடை முன்னால நின்னு எலும்பு ஜாஸ்தி, கறி கம்மின்னு தெருவே கேக்கத் திட்டுறாங்க, கூடப் பொறந்தவ இல்லாம வேற யாருங்க அப்படித் திட்டுவா?" என்றான். அந்த அம்மாளுக்கு வாயோரம் லேசாகத் துடித்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. மூன்றாவது மரிக்ருஸ். ஊசி என்றால் மூர்ச்சை போடுகிறவள், பிரசவத்தின்போதே ஊசியைக் கண்டு கட்டிலை விட்டு இறங்கி ஓடினவள், முகம் சுண்ணாம்பாக வெளுத்து நின்றாள். என்ன உறவு என்றதும் "மக" என்றாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். அந்த அம்மாளும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். எனக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த சுவர் தெரியவில்லை.

இதைப் படித்து உனக்குச் சுருக்கென்று இருக்கும், எனக்குத் தெரியும், நீ என் வயிற்றுப் பிள்ளை. யாரும் உன் இடத்தில் உட்காரவில்லை மகனே. வீட்டுக்கு வந்து நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். தம்பி, மச்சான் வரைக்கும் வாய்விட்டுச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காதீர்கள் என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. மரிக்ருஸ் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய் எலுமிச்சை மரத்தில் இல்லாத பூச்சியைத் தேடினார், வெகு நேரம் தேடினார். சாயங்காலம் நாச்சோ பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, "நாளைக்கு நான் போய் குடுத்துடறேன் தாத்தா, நாலும் முடிஞ்சிடும்" என்றான். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "மூணு ஆச்சு. நாலாவது ஆள் வந்துக்கிட்டிருக்கான்" என்றார். யார் என்று சாயோ கேட்டாள். "என் பையன்" என்றார். "அவன் உங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போகத்தானே வர்றான் கொம்பாத்ரே?" என்றாள் சாயோ. "எதுக்கு வேணா வரட்டும். வரும்போது ரத்தத்தையும் கூடத்தான கொண்டு வருவான்" என்றார். விமானம் தாமதமானால் என்ன செய்வது, பனி விழுந்து கிளம்பவே இல்லை என்றால் என்ன செய்வது என்று நான் கத்தினேன். "அவன் வருவான்" என்றார், அதோடு சரி. நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் தாரஸ், அந்த மனுஷன் உன்னை ஒரு தடவைகூட வா என்று கூப்பிட்டதில்லை, நீயாக வந்தால் வண்டியின் டயரைப் பார்ப்பார், நீ போகும்போது எண்ணெய் அளவைப் பார்ப்பார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பாசம். அவர் வாயிலிருந்து வந்த முதல் 'வா' இது. நேரே சொல்லத் தெரியாமல் ஊரை எல்லாம் சுற்றி, ரத்த வங்கி வழியாகச் சொல்கிறார். அவருக்குத் தெரியாமல் நாச்சோவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், முதல் தேதி காலை அவனும் வெறும் வயிற்றோடு அங்கே தயாராக நிற்பான், உன் விமானம் வராவிட்டால் அவன் கொடுப்பான். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் நாச்சோ சாப்பிடாமல் நின்றது வீணாகப் போக வேண்டும் என்றுதான் நான் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

ஆக, திரும்பிப் போவதற்கு எடுத்த மூன்று டிக்கெட்டில் எங்கள் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடு, உன்னுடையதைத் தள்ளிப் போடு. ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் எங்கே இருப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து கத்தாமல் பேசுவோம், நான் வரவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. முதல் தேதி நாம் ரத்த வங்கியை முடித்து வந்தால் இரண்டாம் தேதிக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பொம்மை அகப்பட்டது அவருக்கு, அதனால் தமால் போட வேண்டியதும் அவர்தான், உடம்பு சரியில்லை என்று விட்டுவிடலாம் என்றேன், "முழுங்கினவன் கடன் முழுங்கினவனுக்குத்தான்" என்கிறார். ஆனால் ஒரு பாத்திரத்தைத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, அதனால் மகன் என்ற முறையில் அண்டாவைத் தூக்கப் போவது நீ. சோள மடலை ஊற வைப்பது, மாவைத் தடவுவது, கட்டுவது எல்லாம் சாயோ சொல்லித் தருவாள், சின்ன வயதில் என் பக்கத்தில் நின்று கோஸ் இலையில் சோறு சுருட்டினாயே, அந்தக் கை உனக்கு மறந்திருக்காது. பொம்மைக்குச் சாயோ வெள்ளைச் சட்டை தைத்துவிட்டாள், அன்று காலை கோயிலுக்கு எடுத்துப் போய் மந்திரித்து வாங்கி வர வேண்டும், கறிக்கடை ஃபெர்மின் அதற்கு 'டாக்டர் யேசு' என்று பேர் வைத்திருக்கிறான், சாயோ அவனை விளக்குமாற்றால் அடித்தாள். வரும்போது அப்பாவுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்து வா, ஆஸ்பத்திரித் தரை சில்லென்று இருக்கிறது. நோயாளி பக்கத்தில் ராத்திரிக்கு வீட்டு ஆள் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி, அதற்கும் சாயோ முறை போட்டு வைத்திருக்கிறாள், முதல் ராத்திரி உனக்கு, கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணை கொண்டு வந்தால் நல்லது. ஐவியிடம் எலுமிச்சை காய்த்திருக்கிறது என்று சொல். போன தடவை அவள் பெயர் எழுதிக் கட்டின ரிப்பன் இன்னும் அந்தக் கிளையில்தான் இருக்கிறது, வெளுத்துப்போனாலும் அவிழ்க்க அவர் விடவில்லை.

அங்கே உங்களுக்குன்னு யார் இருக்காங்க என்று கேட்டாய். தம்பி இருக்கிறான், மச்சான் இருக்கிறான், மகள் ஒருத்தி இருக்கிறாள். மகன் முதல் தேதி விடியற்காலை வந்து இறங்குகிறான். கடவுள் உன்னையும் கொரினையும் குழந்தையையும் காப்பாற்றட்டும், நல்லபடியாக வந்து சேர், நான் விமான நிலையத்துக்கு வருவேன், அங்கிருந்து நேராக ரத்த வங்கிக்குத்தான். நீ பிறந்த நாளிலிருந்து இந்த வாய் உன்னிடம் சாப்பிட்டாயா, சாப்பிடு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை, நீயும் கொரினும் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது கேட்டுக்கொள். முந்தின நாள் எண்ணெய், வெண்ணெய், கறி ஒன்றும் வேண்டாம், விமானத்தில் என்ன நீட்டினாலும் தொடாதே, தண்ணீர் மட்டும் நிறையக் குடி. என் கண்ணே, சாப்பிடாமல் வா. கொடுத்துவிட்டு நீ வெளியே வரும்போது சாயோவும் நானும் வாசலிலேயே தூக்குச்சட்டியோடு நிற்போம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா, வெர்னா